தீப்பெட்டி இல்லாமல் தீ மூட்டுவது: ஃபயர்ஸ்டீலும் சில்லாட்டையும்

உரசினால் பொறி தரும் ஃபயர்ஸ்டீல் என்ற கம்பியை வாங்குகிற பலர் முதல் வாரத்திலேயே அதை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். உரசினால் பொறி மழையாகக் கொட்டுகிறது, கீழே கிடக்கும் சருகு கருகக்கூட மாட்டேன் என்கிறது. கம்பி மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி விடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் அப்படித்தான் நினைத்தேன். அப்புறம் ஒருநாள் சருகை ஒதுக்கிவிட்டு, பனையிலிருந்து உரித்த சில்லாட்டையை (பன்னாடையை) உள்ளங்கையில் கசக்கிப் பூப்போல ஆக்கி வைத்தேன். மூன்றாவது உரசலில் தீ எழுந்தது. அதே கம்பி, அதே கை. மாறியது கீழே வைத்த பொருள் மட்டும்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் உரசுவதைப் பற்றிக் குறைவாகவும், நார், பஞ்சு, சுள்ளி இவற்றைப் பற்றி அதிகமாகவும் எழுதியிருக்கிறேன். வேலை அங்கேதான் இருக்கிறது.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. செம்மணல், பனை, உடைமரம், கடற்கரைப் பக்கம் போனால் சவுக்கு. மார்கழி, தை மாதங்களில் தங்கை பிள்ளைகள் வந்தால் எங்கள் பனைவிளையில் ஒரு ராத்திரி நெருப்பு மூட்டி உட்காருவோம். தீப்பெட்டியைத் தொடக் கூடாது என்பது பிள்ளைகளே போட்ட விதி. நான் சொல்வதெல்லாம் அந்த மண்ணில் கிடைக்கும் பொருள்களை வைத்துத்தான். உங்கள் ஊரில் பனை இல்லையென்றால் தென்னை இருக்கும், இல்லாவிட்டால் மூங்கிலோ வாழையோ இருக்கும். முறை ஒன்றுதான்.

எங்கே மூட்டலாம், எங்கே கூடாது

சொந்த நிலம், அல்லது உரிமையாளர் சம்மதித்த நிலம். இந்த இரண்டைத் தவிர வேறு இடம் வேண்டாம். காப்புக்காட்டுக்குள் நெருப்பு மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயமாக இருந்தால் 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. சட்டத்தை விடுங்கள், 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. கோடையில் மலையில் இருக்கும்போது ஃபயர்ஸ்டீல் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

சொந்த விளையிலும் கண்ட இடத்தில் மூட்ட முடியாது. தலைக்கு மேலே பாருங்கள். பனையில் காவோலை, அதாவது காய்ந்த ஓலை, தொங்கிக்கொண்டிருந்தால் அதன் அடியில் மூட்டாதீர்கள். ஒரு பொறி மேலே போனால் மரம் முழுக்கப் பந்தமாகிவிடும், ஏறி அணைக்க ஆளிருக்காது. விடிலி (பதநீர் காய்ச்சும் குடிசை), ஓலைக் குடிசை, வைக்கோல் படப்பு, அடுக்கிய ஓலை இவற்றிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளி, காற்று அவற்றை நோக்கி வீசாத பக்கமாக இடம் பிடியுங்கள்.

காற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. தேரியில் ஆனி, ஆடி மாதங்களில் மணலையே அள்ளிக்கொண்டு போகும் மேல்காற்று வீசும். அந்த இரண்டு மாதமும் நாங்கள் திறந்தவெளியில் நெருப்பு மூட்டுவதே இல்லை. ஒரு வருடம் ஆனிக் கடைசியில், காற்று கொஞ்சம் தணிந்ததே என்று மூட்டினேன். சிரட்டைக் கங்கு ஒன்று உருண்டு இருபதடி தள்ளிக் கிடந்த மட்டைக் குவியலில் போய் விழுந்தது. பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர் இருந்ததால் தப்பித்தோம். அன்றிலிருந்து கிளைகள் ஓயாமல் ஆடும் அளவுக்குக் காற்று இருந்தாலே வேலையை நிறுத்திவிடுவேன்.

இடம் முடிவானதும் பத்தடி அகல வட்டத்துக்குச் சருகு, புல், ஓலைத் துணுக்கு எல்லாவற்றையும் கூட்டி வெறும் மணல் தெரியும்படி ஆக்குங்கள். நடுவில் மூன்றடி அகலம், முக்கால் அடி ஆழத்தில் ஒரு குழி தோண்டுங்கள். தோண்டிய மண் சுற்றிலும் வரப்பாக நிற்கட்டும். கல் வைக்க ஆசைப்பட்டால் காய்ந்த நிலத்தில் கிடந்த கல்லை எடுங்கள். ஆற்றில், குளத்தில் கிடந்த கல்லுக்குள் ஈரம் தங்கியிருக்கும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகிக் கல்லை வெடிக்க வைத்துவிடும். இரண்டு குடம் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்த பிறகுதான் அடுத்த வேலை.

கம்பியைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஃபயர்ஸ்டீல் என்ற பெயரில் ஸ்டீல் இருந்தாலும் அது எஃகு இல்லை. ஃபெரோசீரியம் என்ற கலவை. சீரியம், லாந்தனம் போன்ற அருமண் உலோகங்களோடு இரும்பைச் சேர்த்து உருக்கியது. சிகரெட் லைட்டரில் இருக்கும் சின்னக் கல்லும் இதே பொருள்தான். சிலர் ஃபெரோ ராடு என்பார்கள். இனி நான் கம்பி என்றே சொல்கிறேன்.

இதற்கு 1903-இல் காப்புரிமை பெற்றவர் ஆஸ்திரியாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக். கோவில் கொடையிலும் கல்யாண ஊர்வலத்திலும் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டுகிற மேன்டில் இருக்கிறதே, அதுவும் அவர் கண்டுபிடிப்புதான். மேன்டிலுக்குத் தோரியம் வேண்டும், தோரியத்தை மோனசைட் என்ற மணலிலிருந்து பிரித்தார்கள். பிரித்த பின் சீரியம் கலந்த உலோகங்கள் கழிவாகக் குவிந்தன. அந்தக் கழிவை என்ன செய்வது என்று யோசித்ததில் பிறந்ததுதான் பொறிக்கம்பி. மோனசைட் எங்களுக்கு அந்நியம் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் அது கிடைக்கிறது. இங்கிருந்து ஏற்றுமதியான தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர்தான் அதைக் கண்டறிந்தார். பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, அதே தென்னை நாரைக் கையில் கொடுத்து உரசச் சொல்வது எனக்குப் பிடித்தமான விஷயம்.

சிக்கிமுக்கிக் கல்லுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே கல் இரும்பைச் சீவுகிறது, பொறி இரும்பிலிருந்து வருகிறது. சூடு குறைவு என்பதால் கரித்துணி மாதிரி உடனே கனலும் பொருள் இருந்தால்தான் பிடிக்கும். இங்கே சுரண்டி, அதாவது கம்பியோடு வரும் உரசும் தகடு, கம்பியைச் சீவுகிறது. சீவப்பட்ட துணுக்கு காற்று பட்டதும் தானே எரிகிறது, சூடு சுமார் 3000 டிகிரி செல்சியஸ் வரை போகும். அதனால்தான் காய்ந்த நார் நேரடியாகத் தீயே பிடிக்கிறது. ஆனால் அந்தத் துணுக்கின் ஆயுள் ஒரு நொடிதான், எடையோ மணல் துகளைவிடக் குறைவு. அந்த ஒரு நொடிக்குள் சூடேறிப் பற்றக்கூடிய அளவுக்கு மெல்லிசான பொருள் அங்கே காத்திருக்க வேண்டும்.

வாங்கும்போது எட்டு முதல் பத்து மில்லிமீட்டர் தடிமன், சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் இருப்பதாகப் பாருங்கள். சாவிக்கொத்தில் தொங்கும் மெல்லிய கம்பிகள் கையில் நிற்காது. புதுக் கம்பிமேல் கறுப்புப் பூச்சு இருக்கும். அது துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது, அதன்மேல் உரசினால் பொறி வராது. சுரண்டியால் ஒரு பக்கத்தை நீளவாக்கில் நன்றாகச் சுரண்டி, வெள்ளி நிறம் தெரியும்படி ஆக்குங்கள். கம்பியோடு வரும் தகடு மழுங்கலாக இருந்தால் உடைந்த ஆக்சா பிளேடின் முதுகு அருமையாக வேலை செய்யும். கத்தி முதுகும் ஆகும், விளிம்பு கூராக மடிந்திருக்க வேண்டும். கத்தியின் வாயால் சுரண்டாதீர்கள். கத்தியும் கெடும், கையும் போகும்.

கடற்கரைக் காற்றில் கம்பி சீக்கிரம் வெளுத்துப் பொடியும். வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைப்பேன். அடுத்த முறை முதல் இரண்டு உரசலில் எண்ணெய் போய்விடும்.

பொறியைப் பிடிக்கும் பஞ்சும் நாரும்

அளவுகோல் எளிது. தலைமுடியைவிட மெல்லிய இழைகள், நடுவில் காற்று புகும்படி தளர்வாக, எலும்பு மாதிரி காய்ந்து இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் பொறி செத்துவிடும். சருகு எவ்வளவு காய்ந்திருந்தாலும் அது தகடு. பொறி அதன்மேல் விழுந்து ஓட்டை போட்டுவிட்டு அணையும்.

சில்லாட்டையிலிருந்து தொடங்குகிறேன். பனை மட்டை மரத்தோடு சேரும் இடத்தில் சாக்குத்துணி மாதிரிப் பின்னிக் கிடக்கும் வலைதான் அது. பன்னாடை என்று சொன்னால் எல்லா ஊருக்கும் புரியும். தென்னையிலும் உண்டு. மரத்தடியில் விழுந்து மட்கியதை எடுக்காதீர்கள், மண்ணின் ஈரம் ஏறியிருக்கும். ஓலை வெட்டும்போது மரத்திலிருந்து நேராக எடுத்ததுதான் நல்லது. எடுக்கும்போது மட்டை ஓரத்துக் கருக்கு கையை அறுக்கும், செருப்பும் தடித்த துணியும் வேண்டும். ஓலைக் குவியலில் இருந்து எடுப்பதானால் முதலில் கம்பால் புரட்டிப் போடுங்கள். தேளும் கட்டுவிரியனும் தங்க அதைவிடச் சௌகரியமான இடம் கிடையாது.

சில்லாட்டையை இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்து, பகல் முழுக்க வெயிலில் போடுங்கள். பிறகு இரண்டு கையாலும் கசக்குங்கள், துணி துவைக்கிற மாதிரி. ஐந்து நிமிடத்தில் வலை பிரிந்து நாராகும், பத்து நிமிடத்தில் நார் பிரிந்து பூவிழையாகும். கசக்கும்போது உதிரும் பழுப்புப் பொடியை ஒரு தட்டில் பிடித்து வையுங்கள், அது பொன். கடைசியில் குருவிக்கூடு மாதிரி ஒன்றைச் செய்யுங்கள். வெளியே முரட்டு நார், உள்ளே குழியில் மெல்லிய இழை, அதன்மேல் அந்தப் பொடி. இரண்டு கைகொள்ளும் அளவு. பொறி விழும் இடம் நடுக்குழி, தீ பரவும் பாதை வெளிநார்.

இலவம்பஞ்சைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஒவ்வோர் இழையிலும் மெழுகுப் பூச்சு இருப்பதால் அது நீரை ஒட்டவிடாது, பொறி பட்டால் கண்மூடித் திறப்பதற்குள் பற்றும். சிக்கலும் அதுதான். குப்பென்று எழுந்து இரண்டு நொடியில் ஒன்றுமில்லாமல் போய்விடும். புதிதாகக் கற்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். தீ வந்துவிட்டது என்று கத்துவதற்குள் தீ இருக்காது. எருக்கம்பஞ்சும் இதே ரகம், சம்பு, நாணல் பூவும் அப்படியே. இவற்றைத் தனியாக வைக்காமல், சில்லாட்டைக் கூட்டின் நடுவில் ஒரு சிட்டிகை மட்டும் வையுங்கள். பஞ்சு பொறியை வாங்கும், நார் தீயைத் தாங்கும். எருக்கில் தானாக வெடித்துக் காய்ந்த காயிலிருந்து மட்டும் எடுங்கள். பச்சைக் காயைப் பிய்த்தால் பால் வடியும், அது கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.

தேங்காய் நாரில் இரண்டு குணம் உண்டு. பழைய, சாம்பல் பூத்த காய்ந்த மட்டையிலிருந்து எடுத்துக் கசக்கினால் பொறியைப் பிடிக்கும். ஆனால் சுடர் விடாமல் கனன்றுகொண்டே இருக்க ஆசைப்படும். கனல் வந்ததும் விடாமல் ஊதினால்தான் சுடராகும். பொறுமை உள்ளவர்களுக்கு இது நல்லது, காற்றடித்தாலும் அணையாது.

மூங்கில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வழி. காய்ந்த மூங்கில் துண்டின் வெளித்தோலைக் கத்தி முதுகால் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டுங்கள். சீவல் வரக்கூடாது, பஞ்சு மாதிரி துருவல்தான் வர வேண்டும். ஒரு கைப்பிடி சேர்ந்தால் போதும். காய்ந்த பனைமட்டையின் உள்பக்கத்தையும் இப்படியே சுரண்டலாம். மழை பெய்து வெளியெல்லாம் நனைந்திருக்கும் நாளில் எனக்குக் கைகொடுப்பது இதுதான். மட்டையைப் பிளந்தால் உள்ளே காய்ந்திருக்கும், அங்கே சுரண்டிக்கொள்வேன்.

வாழைத் தோட்டத்தில் தண்டோடு ஒட்டிக் காய்ந்து தொங்கும் சருகுப் பட்டையை நீளவாக்கில் இழை இழையாகக் கிழித்துக் கசக்கினால் அதுவும் ஆகும். சவுக்கு ஊசி நேராகப் பொறியைப் பிடிக்காது. ஆனால் எழுந்த தீயை வளர்க்க அதைவிட நல்லது இல்லை, அதனால் பக்கத்தில் ஒரு குவியல் வைத்துக்கொள்ளுங்கள்.

உறுதியான வழி வேண்டும் என்பவர்கள் கரித்துணி செய்துகொள்ளலாம். பழைய பருத்தி வேட்டியை இரண்டு விரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, மூடியில் ஆணியால் ஒரு சின்னத் துளை போடுங்கள். டப்பாவைத் தணலில் வைத்தால் துளை வழியே புகை வரும். புகை நின்றதும் வெளியே எடுத்து, நன்றாக ஆறிய பிறகுதான் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் காற்று பட்டுத் துணி முழுவதும் எரிந்து சாம்பலாகிவிடும். நைலான், பாலியஸ்டர் கலந்த துணி இதற்கு ஆகாது, உருகி ஒட்டிக்கொள்ளும். சரியாக வந்த கரித்துணி ஒரே பொறியில் சிவந்து பரவும். கார்த்திகைக்கு மாவலி சுற்றியவர்களுக்கு இது புதிதில்லை. பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கிப் பொடித்துத் துணியில் பொதிந்து கட்டுகிறோமே, அதே தத்துவம். ஒருமுறை கரியானது மறுபடி கனலக் காத்திருக்கும்.

எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். அரளி, எருக்கு, தில்லை, சேராங்கொட்டை மரக் குச்சிகள் நெருப்புக்கு வேண்டாம். அவற்றின் புகை கண்ணையும் நெஞ்சையும் பாதிக்கும். அரளிக் குச்சியில் எதையும் குத்திச் சுடவும் கூடாது. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பாலிதீன் எதுவும் வேண்டாம். பெட்ரோலை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். அதன் ஆவி முதலில் பரவிவிடும், பொறி விழும்போது நீங்கள் அதன் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள்.

ஈர்க்கு முதல் மணிக்கட்டு வரை

கூட்டுக்கு அடுத்தது சுள்ளி. இதை முழுதாகச் சேர்த்து வைக்காமல் உரசத் தொடங்காதீர்கள். தீ எழுந்த பிறகு விறகு தேடி ஓடினால் திரும்பி வரும்போது புகைதான் இருக்கும்.

நான்கு தடிமனில் வேண்டும். முதலாவது தென்னை ஈர்க்கு அளவு. வீட்டில் பழைய துடைப்பம் இருந்தால் அதையே உடைத்துக்கொள்ளலாம், இரண்டு கைப்பிடி. அடுத்தது பென்சில் கனம், இரண்டு கைகொள்ளும் அளவு. மூன்றாவது பெருவிரல் கனம், ஒரு கைச்சுமை. கடைசியாக மணிக்கட்டு கனம், எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்களோ அவ்வளவு. எங்கள் ஊரில் உடை விறகுதான் கடைசி வரை நிற்கும், கங்கும் நன்றாகத் தங்கும். வேலிக்கருவையும் நன்றாக எரியும், முள்ளைச் சீவிவிட்டுக் கொண்டுவாருங்கள். சிரட்டை நாலைந்து இருந்தால் நடுவில் போடலாம், அடுப்புக்கரிக்கு நிகரான சூடு.

காய்ந்ததா என்று பார்க்க உடைத்துப் பாருங்கள். பட்டென்று சத்தத்தோடு முறிந்தால் சரி. வளைந்து, நாரிழுத்து முறிந்தால் இன்னும் பச்சை. குளிர்காலத்தில் ராத்திரிப் பனி இறங்கும், அதனால் விறகையும் நாரையும் நாலு மணிக்கு முன்னால் சேர்த்து மூடி வைத்துவிடுங்கள். சாயங்காலம் சேர்த்தால் தொட்டுப் பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் பற்றாது. கையைவிடக் கன்னம் ஈரத்தை நன்றாக உணரும். சந்தேகம் இருந்தால் குச்சியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளுகுளுவென்று இருந்தால் ஈரம்.

அடுக்கும் விதம்

காற்றுக்கு முதுகைக் காட்டிக் குழியின் முன் உட்காருங்கள். குழியின் தரையில் நாலைந்து மட்டைத் துண்டுகளை நெருக்கமாகப் பரப்புங்கள். மணலின் குளிர்ச்சி கூட்டில் ஏறாமல் இருக்க இது அவசியம், பலர் விட்டுவிடும் படியும் இதுதான். அதற்கு அப்பால், காற்றுக்குக் குறுக்காக ஒரு மணிக்கட்டு கனக் கட்டையைக் கிடத்துங்கள். ஈர்க்குகளில் ஒரு கைப்பிடியை அந்தக் கட்டைமேல் சாய்த்து, உங்கள் பக்கமாகத் தாழ்வாரம் இறக்கிய மாதிரி வையுங்கள். அடியில் கூடு நுழைய இடம் இருக்க வேண்டும். மீதி ஈர்க்கும் பென்சில் சுள்ளியும் வலக்கைப் பக்கம் இருக்கட்டும். காற்று உங்கள் முதுகிலிருந்து வந்து சுடரை அந்தத் தாழ்வாரத்துக்குள் தள்ளும். கூம்பு மாதிரிக் குச்சிகளை நட்டு வைப்பது பார்க்க அழகு. ஆனால் சரிந்தால் கூட்டின் மேலேயே விழுந்து நசுக்கிவிடும் என்பதால் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வதில்லை.

உரசுவது

கூட்டைத் தாழ்வாரத்தின் வாசலில் வையுங்கள். கம்பியின் நுனியைக் கூட்டின் நடுக்குழியில் பதித்து, சாய்வாகப் பிடியுங்கள். சுரண்டியைக் கம்பியின் மேல்பகுதியில், பாதிச் செங்கோணச் சாய்வில் அழுத்திப் பிடியுங்கள்.

இப்போது எல்லோரும் செய்யும் தவறு: சுரண்டியைக் கீழ்நோக்கி வேகமாகத் தள்ளுவது. கை கடைசியில் கூட்டில் இடித்து, பத்து நிமிடம் கசக்கிய இழை நாலாபக்கமும் சிதறும். அதற்கு மாறாகச் சுரண்டிக் கையை அசையாமல் நிறுத்திக்கொண்டு, கம்பியை உங்களை நோக்கிப் பின்னால் இழுங்கள். பொறி இருந்த இடத்திலேயே விழும், கூடு அசையாது.

வேகம் பெரிதில்லை, அழுத்தம்தான் வேண்டும். வேகமாக உரசினால் நிறையப் பொறி தெறிக்கும், எல்லாம் பொடிப் பொறி, கூட்டில் விழுவதற்குள் அணைந்துவிடும். தேங்காய் துருவுகிற மாதிரி அழுத்தி, நிதானமாக, கம்பியின் முழு நீளத்துக்கும் இழுத்தால் கனமான துணுக்குகள் உருகிச் சொட்டுகிற மாதிரி விழும். அவை கொஞ்சம் கூடுதல் நேரம் எரியும். முன்னதாகக் கம்பியை மெதுவாக நாலைந்து முறை சுரண்டி அந்தத் தூளைக் கூட்டின் நடுவில் சேர்த்து வைத்துக்கொண்டால் இன்னும் எளிது. ஒரு பொறி விழுந்ததும் தூள் முழுவதும் சேர்ந்து வெள்ளையாக எரியும்.

பிள்ளைகள் செய்யும்போது முடியைக் கட்டச் சொல்லுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். நைலான் ஜெர்கின் வேண்டாம், பருத்திச் சட்டை போதும். பொறி காலில் பட்டால் சுருக்கென்று இருக்கும், அதனால் மண்டியிட்டு உட்காருவதே நல்லது.

சுடர் எழுந்த முதல் ஒரு நிமிடம்

கை பரபரக்கும், அடக்குங்கள். கூட்டில் சுடர் வந்ததும் ஈர்க்குத் தாழ்வாரத்துக்குள் மெதுவாக நகர்த்துங்கள். அல்லது அங்கேயே இருக்கவிட்டு மேலே ஒவ்வொன்றாக ஈர்க்கை வையுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் காற்றில்லாமல் புகைந்து அணையும். ஈர்க்கு படபடவென்று பொரிந்து எரியும் சத்தம் கேட்ட பிறகு பென்சில் சுள்ளி. அது பற்றி, சுடர் ஒரு சாண் உயரத்தில் நிலையாக நின்ற பிறகு பெருவிரல் கனம். இந்த இரண்டு படிகளுக்கு நடுவே அவசரப்பட்டுத்தான் பாதித் தீ போகிறது.

கனல் மட்டும் வந்து சுடர் வராமல் இருந்தால் ஊதுங்கள். அடுப்படி ஊதுகுழல் இருந்தால் கையோடு கொண்டுபோங்கள், அதைவிட நல்ல கருவி இல்லை. முகத்தைத் தூர வைத்துக்கொண்டு, கனலின் அடியில் மட்டும், நீளமாக, ஒரே சீராக ஊதலாம். ஊப்பு ஊப்பு என்று குட்டி மூச்சாக ஊதினால் சாம்பல்தான் பறக்கும். சங்கப் பாடல்களில் இடையர்கள் ஞெலிகோலைக் கையால் கடைந்து தீ உண்டாக்கியது வருகிறது. கோலைக் கடைந்து வந்த கனலையும் இப்படித்தான் ஊதி வளர்த்திருக்க வேண்டும். எழுந்த சுடரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இடையன் ஞாபகம் வரும்.

பற்றவில்லை என்றால்

பொறியே சரியாக வரவில்லையா? கறுப்புப் பூச்சு இன்னும் இருக்கிறது, அல்லது சுரண்டி மழுங்கல். பொறி நன்றாக விழுந்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் இழை தடிமன், அல்லது ஈரம். இன்னும் ஐந்து நிமிடம் கசக்கிவிட்டு மறுபடி உரசுங்கள். பெரும்பாலும் இதுவே தீர்த்துவிடும். குப்பென்று எழுந்து அணைந்தால் பஞ்சு அதிகம், நார் குறைவு. கூடு எரிந்து முடிந்தும் சுள்ளி பிடிக்கவில்லை என்றால் கூடு சிறியது, அல்லது ஈர்க்குப் படியைத் தாண்டிப் பென்சிலுக்குப் போய்விட்டீர்கள். நான் எப்போதும் இரண்டு கூடு தயாராக வைத்துக்கொள்வேன், ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில் மூடியபடி இருக்கும்.

இருபது முறை உரசியும் வரவில்லை என்றால் கையை எடுத்துவிடுங்கள். கை சோர்ந்தால் அழுத்தம் குறையும், பொறியும் குறையும். தண்ணீர் குடித்துவிட்டு நாரைக் கசக்கத் தொடங்குங்கள்.

மழைக்குப் பிறகு மூட்ட வேண்டி வந்தால் தரையில் கிடப்பது எதுவும் உதவாது. மரத்திலேயே காய்ந்து நிற்கும் கிளை, காற்றில் தொங்கும் காவோலை, பிளந்த மட்டையின் உள்பக்கம், இவற்றில் மட்டும் தேடுங்கள். பெருவிரல் கன விறகை அரிவாளால் நாலாகப் பிளந்தால் உள்ளே காய்ந்த வெள்ளைக் கட்டை தெரியும். அதன் ஓரத்தில் கத்தியால் மெல்லிய சுருள்களாகச் சீவி, சுருள் அறுந்து விழாமல் குச்சியிலேயே ஒட்டி நிற்கும்படி விட்டால் ஈர்க்குக்குப் பதிலாக அது உதவும்.

அணைப்பது

தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்துங்கள். பெரிய கட்டைகள் கங்காகிப் பொடியட்டும். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் அணைந்துவிட்டது என்று நினைப்பது எங்கள் பக்கம் சாதாரணம், ஆனால் ஆபத்து. மணலுக்கு அடியில் கங்கு விடிய விடியக் கனலும், மேலே ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் வெறுங்காலோடு ஓடிவரும் பிள்ளையின் பாதம்தான் அதைக் கண்டுபிடிக்கும்.

தண்ணீரைச் சுற்றிலுமிருந்து நடுவை நோக்கி மெதுவாக ஊற்றுங்கள். ஒரே இடத்தில் கவிழ்த்தால் ஆவியும் சாம்பலும் முகத்தில் அடிக்கும். மண்வெட்டியால் கிளறுங்கள், அடியில் இருப்பது மேலே வரட்டும். மறுபடி ஊற்றுங்கள், மறுபடி கிளறுங்கள். சீறும் சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு முறை ஊற்ற வேண்டும். தெரியவில்லை என்றால் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த சேறாக இருந்தால் முடிந்தது. காலையில் குழியை மூடுவதற்கு முன் இன்னொரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு, அரைகுறையாக எரிந்த கட்டைகளை எடுத்துத் தனியே வெயிலில் வையுங்கள். அடுத்த முறை அவைதான் முதலில் பற்றும்.